ஹோம்ஸ்டெட் விலக்கு 1,40,000 ஆனது: இனி ஸ்கூலுக்கு யார் கொடுப்பது, ஊருக்கு யார் கொடுப்பது?

2025 நவம்பர் 5, ஹூஸ்டன் பக்கத்து நண்பர் கேட்டது

"நேத்து டெக்சாஸ்ல மக்கள் ஓட்டுக்கு வந்த ப்ரொபசிஷன் 13 திருத்தம் பாஸ் ஆயிடுச்சு. நாம குடியிருக்கிற சொந்த வீட்டு மதிப்புல ஸ்கூல் டாக்ஸ் போடறதுக்கு முன்னாடி கழிக்கிற ஹோம்ஸ்டெட் விலக்கு ஒரு லட்சத்துல இருந்து 1,40,000 டாலர். வீடு வச்சிருக்கிற எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ஏற்கனவே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல பணம் இல்ல, டீச்சர் இல்ல, ஸ்கூலை மூடறாங்க. இந்த நேரத்துல இது பிள்ளைங்க பணத்துல நாம எடுத்துக்கிட்ட தள்ளுபடி இல்லையா? யாராவது இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

நவம்பர் 5, இரவு

இல்லை என்று நான் சொல்கிறேன். பிள்ளைகள் பணம் வேறு வழியில் சுருங்கியிருக்கிறது, அதற்குக் காரணம் இந்த விலக்கு இல்லை.

டெக்சாஸில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது ஒரு வட்டாரத்தின் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு, எவ்வளவு பணம் என்பதை முதலில் மாநிலச் சூத்திரம் முடிவு செய்கிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை, அதன்மேல் ஸ்பெஷல் எஜுகேஷன், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள் என்று சேர்மானம். அந்தத் தொகையை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நம் வீட்டு வரி குடத்தில் விழுகிறது. குறைகிற அளவை மாநிலம் ஊற்றுகிறது. நிரம்பி வழிந்தால் வழிவதை மாநிலமே எடுத்துக்கொள்கிறது. 1993இலிருந்து ராபின் ஹூட் என்று எல்லாரும் சொல்வது அந்த வழிசலைத்தான்.

விலக்கு ஏறினால் நம் பக்கம் விழுவது குறையும், மாநிலம் ஊற்றுவது கூடும். வழியவிடுகிற டிஸ்ட்ரிக்டாக இருந்தால் வழிவது குறையும். குடத்தின் அளவு மாறுவதில்லை.

நவம்பர் 6

கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாக இருக்கும். ஐந்து லட்சம் டாலர் வீடு. ஸ்கூல் வரி நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வையுங்கள். போன வருடம் ஒரு லட்சம் கழித்து 4,000 டாலர் கட்டினோம். இந்த வருடம் 1,40,000 கழித்து 3,600. மிச்சம் 400. அக்டோபரில் வந்த பில்லிலேயே இதைக் கழித்துப் போட்டுவிட்டார்கள். ஆகவே "எப்போ குறையும்" என்று கேட்பவர்கள் பில்லை எடுத்து ஸ்கூல் வரியை மட்டும் பாருங்கள். சிட்டி வரி, கவுண்டி (மாவட்ட) வரி, கம்யூனிட்டி காலேஜ் வரி எதிலும் இந்த 1,40,000 கிடையாது. சிட்டியும் கவுண்டியும் விலக்கு கொடுத்திருந்தால் அது அவர்களே தனியாகத் தீர்மானம் போட்டுக் கொடுத்தது. சட்டப்படி அதிகபட்சம் 20 சதவீதம். டாலஸ், ஹூஸ்டன் நகரங்கள் 20 கொடுக்கின்றன.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாக ப்ரொபசிஷன் 11. அவர்களுடைய கூடுதல் விலக்கு 10,000இலிருந்து 60,000 ஆகிவிட்டது. மொத்தம் இரண்டு லட்சம். அதன்மேல் ஸ்கூல் வரி மேலே ஏறாமல் உறைந்துபோகும் சலுகை ஏற்கனவே இருக்கிறது. சின்ன வீட்டில் இருக்கும் பல பெரியவர்களுக்கு ஸ்கூல் வரி சுத்தமாகப் போய்விடும். இதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. எங்கள் தெருவில் கணவரை இழந்து தனியாக இருக்கும் அம்மா ஒருவர், வருடா வருடம் ஏப்ரலில் மதிப்பீட்டு நோட்டீஸ் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். வீட்டின் மதிப்பு ஏறியதில் அவருக்குக் கைக்கு வந்தது ஒன்றுமில்லை, பயம் மட்டும்தான்.

நவம்பர் 6, மாலை

"அப்ப ஸ்கூல் ஏன் மூடறாங்க?" நியாயமான கேள்வி.

இரண்டு காரணம். ஒன்று, பிள்ளைகள் குறைந்தார்கள். வீட்டு விலை ஏறிய பழைய ஊர்களில் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வாங்க முடிவதில்லை, இன்னும் வடக்கே போகிறார்கள். டாலஸ் பக்கத்துப் பிளேனோ டிஸ்ட்ரிக்ட் 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூட முடிவு செய்தது இதனால்தான். பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் வரும்போது, பிள்ளை போனால் பணமும் போகும். கட்டடம், ஏசி, பஸ் மட்டும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. அந்த அடிப்படைத் தொகை 2019இல் 6,160 டாலர். 2025 வரை அதே 6,160. நடுவில் விலைவாசி எப்படி ஓடியது என்று எல்லாருக்கும் தெரியும். இந்த வருடம் எச்பி 2 என்ற சட்டத்தில் 8.5 பில்லியன் கொடுத்தார்கள். அதில் ஒரு பெரிய பங்கு ஆசிரியர் சம்பளத்துக்கு என்று குறித்த பணம், நல்ல விஷயம்தான். ஆனால் அடிப்படைத் தொகை ஏறியது 55 டாலர்.

அந்த ஆறு வருடத்தில் நம் வீட்டு மதிப்பு ஏறியது, ஸ்கூல் வரியும் நிறைய கட்டினோம். குடத்தின் அளவு மாறாததால் நாம் கூடுதலாக ஊற்றியதெல்லாம் மாநிலத்தின் பங்கைக் குறைத்தது. 2023இல் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் 32.7 பில்லியன் உபரி என்று அறிவித்தார்கள். அதில் ஒரு பகுதி இந்த வழியாகச் சேர்ந்தது. அதே உபரியிலிருந்துதான் அந்த வருடம் விலக்கை 40,000இலிருந்து ஒரு லட்சம் ஆக்கினார்கள்.

நவம்பர் 9

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கவலை இங்கேதான்.

ஸ்கூலுக்கு மாநிலம் ஈடுகட்டுகிறது. சிட்டிக்கும் கவுண்டிக்கும் அப்படி ஈடுகட்ட ஆளில்லை. சிட்டி தானே 20 சதவீதம் விலக்கு கொடுத்தால் அது சிட்டியின் சொந்த நஷ்டம். "வரி விகிதத்தை ஏத்தி எடுத்துக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அவ்வளவு சுலபமில்லை. 2019இல் வந்த எஸ்பி 2 சட்டப்படி, ஏற்கனவே இருக்கும் சொத்துக்களிலிருந்து நடைமுறைச் செலவுக்காக எடுக்கும் வரியை வருடத்துக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் தேர்தல் வைக்க வேண்டும். முன்பு இது 8 சதவீதம், அதிலும் மக்கள் மனுப் போட்டால்தான் தேர்தல்.

இன்னொரு நுணுக்கம். விலக்கை இந்த வருடம் கூட்டினால், அதனால் போகும் வரியை போன வருட வசூலிலிருந்தே கழித்துவிட்டு, மீதியை அடிப்படையாக வைத்துத்தான் இந்த 3.5 கணக்கு தொடங்கும். அதாவது கொடுத்தது கொடுத்ததுதான், அடுத்த வருடம் கணக்குப் போட்டுத் திரும்ப எடுக்க வழியில்லை. அதோடு, 2022இல் இருந்த உள்ளூர் விலக்கை 2027 முடியும்வரை குறைக்கக் கூடாது என்றும் 2023 சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

2022 ஜூனில் நாட்டின் பணவீக்கம் 9.1 சதவீதம். ஆம்புலன்ஸ், தார், பம்ப், போலீஸ் சம்பளம் எல்லாம் ஏறியது. ஊருக்கு அனுமதி 3.5.

நவம்பர் 9, கொஞ்சம் கழித்து

புதுக் கட்டடம் இந்த வரம்புக்குள் வராது என்பதைச் சேர்க்க வேண்டும். இது இல்லாமல் படம் முழுமையாகாது. டாலஸுக்கு வடக்கே செலைனா, ப்ராஸ்பர் மாதிரி வளர்கிற ஊர்களில் வருடா வருடம் புது வீடு, புதுக் கடை. அந்த வரி அப்படியே கூடுதல். அவர்களுக்கு 3.5 உறைப்பதே இல்லை. பிளேனோ, ரிச்சர்ட்சன் மாதிரி காலி மனை இல்லாத ஊர்களுக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியாகிவிட்டது. பழைய குழாய், பழைய ரோடு, வயதான மக்கள், வளராத வரி. நாற்பது வருடத்துக்கு முன் போட்ட ரோட்டைத் தோண்டி மறுபடி போட வேண்டிய நேரத்தில் இந்த வரம்பு வந்து நிற்கிறது.

கடனுக்கான வரியும் வரம்புக்கு வெளியே. அதனால் ஊர்கள் எதையெல்லாம் கடனில் வாங்கலாமோ அதையெல்லாம் கடனுக்குத் தள்ளுகின்றன. தீயணைப்பு வண்டியைக் கடனில் வாங்கிவிடலாம். அதை ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கடனில் கொடுக்க முடியாது.

நவம்பர் 10

ஆகஸ்டில் எங்கள் ஊர் பட்ஜெட் விசாரணைக்குப் போயிருந்தேன். திரையில் மூன்று வரி விகிதம் போட்டார்கள்: போன வருட அளவே பணம் தரும் விகிதம், ஓட்டு இல்லாமல் போகக்கூடிய உச்ச விகிதம், அவர்கள் முன்மொழியும் விகிதம். மூன்றாவது இரண்டாவதை ஒட்டியே இருந்தது. பேச வந்தவர்களில் பாதிப் பேர் "ஏன் உச்சத்துக்குப் போறீங்க" என்று கேட்டார்கள். மீதிப் பேர் நூலக நேரத்தைக் குறைக்காதீர்கள் என்று கேட்டார்கள். ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வந்து மூன்று நிமிடமும் ஞாயிற்றுக்கிழமை நூலகத்தைப் பற்றியே பேசினார். அவர் வாடகை வீட்டில் இருக்கிறவர். ஹோம்ஸ்டெட் விலக்கு அவர் வாழ்க்கையில் எந்த இடத்திலும் வரவில்லை.

அரங்கில் நம்மவர்கள் இரண்டு மூன்று பேர்தான். கிரிக்கெட் மைதானம் கேட்டு வரும்போது அரங்கம் நிரம்புகிறது, பட்ஜெட் அன்று வருவதில்லை. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். குடியுரிமை வராதவர்கள் ஓட்டுப் போட முடியாது, சரி. அங்கே போய்ப் பேசக் குடியுரிமை வேண்டியதில்லை.

நவம்பர் 12

டாம்பா நண்பர் கேட்டதற்கு: ஃப்ளோரிடா கதை கிட்டத்தட்ட நேர் எதிர். அங்கே முதல் 25,000 விலக்கு ஸ்கூல் உட்பட எல்லா வரிக்கும். 2008இல் சேர்த்த இரண்டாவது 25,000 ஸ்கூல் வரிக்குக் கிடையாது. ஸ்கூலைக் காப்பாற்றி ஊர்மேல் பாரத்தைப் போட்டார்கள். 2024 நவம்பரில் வந்த திருத்தத்தால் அந்த இரண்டாவது விலக்கு விலைவாசியோடு தானாக ஏறுகிறது, 2025இல் 25,722. தொகை பார்க்கச் சின்னது. ஆனால் இனி சட்டசபையோ கவுன்சிலோ எதுவும் செய்யாமலே வருடா வருடம் நகராட்சி வருமானத்தில் கொஞ்சம் கரையும்.

சொந்த வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற உங்கள் வரம்பு, அந்த "சேவ் அவர் ஹோம்ஸ்", அதைவிடப் பெரிய விஷயம். எங்களுக்கு 10 சதவீதம். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அளவு, ஒருவர் இன்னொருவரைப்போல் இரண்டு மடங்கு வரி கட்டுவது உங்கள் ஊரில் சாதாரணம். நேற்று வந்தவர் பழையவருடைய தெருவிளக்குக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

நவம்பர் 16

நேற்று வந்தவராக இருந்த அனுபவம் எனக்கு உண்டு. டெக்சாஸ் வருவதற்கு முன் மிச்சிகனில் நோவையில் இருந்தோம். 2016இல் வீடு வாங்கினோம். விற்றவர் தொண்ணூறுகளிலிருந்து இருந்தவர். அவருடைய வரியைப் பார்த்து மாதத் தவணையைக் கணக்குப் போட்டேன். மிச்சிகனிலும் அப்படி ஒரு மதிப்பு வரம்பு உண்டு. வீடு கைமாறினால் அடுத்த வருடம் அந்த வரம்பு கழன்று, வரி விதிக்கும் மதிப்பு சந்தை நிலவரத்துக்கு ஏறும். அடுத்த வருடம் எஸ்க்ரோவில், அதாவது மாதத் தவணையோடு வரிக்காகப் பிடித்துவைக்கும் கணக்கில், பற்றாக்குறை என்று கடிதம். சமையலறை மேசையில் பில்லையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானும் மனைவியும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் பிழையில்லை, சட்டமே அப்படி. ஏன் அப்படி என்று தேடப்போய்த்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

நவம்பர் 16, தொடர்ச்சி

டெக்சாஸ்காரர்கள் மிச்சிகனைப் படிக்க வேண்டும், ஏனென்றால் நாம் இப்போது போகிற பாதையில் அவர்கள் முப்பது வருடம் முன்பே போனார்கள்.

1993 மார்ச்சில் வடக்கே கல்காஸ்கா என்ற சின்ன ஊரில், வரி உயர்வுக்கு மக்கள் ஒத்துக்கொள்ளாமல் பணம் தீர்ந்துபோய், பள்ளி வருடம் முடிய வாரக்கணக்கில் இருக்கும்போதே பள்ளிகளை மூடினார்கள். நாடே பேசியது. அந்தக் கோடையில் சட்டசபை ஸ்கூலுக்கான சொத்து வரியையே எடுத்துவிட்டது, பதிலுக்கு என்ன என்று முடிவு செய்யாமலே. 1994 மார்ச்சில் மக்கள் ஓட்டுப் போட்டு ப்ரொபோசல் ஏ வந்தது. விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஸ்கூல் நடைமுறைச் செலவுக்கான 18 மில் வரி (வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 18 டாலர்) கிடையாது. கடை, வாடகை வீடு எல்லாம் அந்த 18 மில் கட்ட வேண்டும். பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலமே கொடுக்கும்.

முதலில் நல்லதுதான் நடந்தது. ஏழை டிஸ்ட்ரிக்டுகளுக்கு அதுவரை பார்க்காத பணம் கிடைத்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் விற்பனை வரியும் வருமான வரியும் பொருளாதாரம் விழுந்தால் சேர்ந்து விழும். கார் கம்பெனிகள் ஆட்டம் கண்டபோது பள்ளிப் பணமும் ஆட்டம் கண்டது. 2011இல் பிள்ளைக்கு 470 டாலர் வெட்டினார்கள். அப்போது ஒரு டிஸ்ட்ரிக்ட் மக்கள் "எங்க பிள்ளைகளுக்கு நாங்க கூடுதலா வரி கட்டிக்கறோம்" என்று சொன்னாலும் நடைமுறைச் செலவுக்கு அதற்கு வழியில்லை. சாவி மாநிலத் தலைநகரில் இருந்தது.

நகராட்சிகள் பாடு இன்னும் மோசம். 2008க்குப் பிறகு வீட்டு மதிப்பு விழுந்தபோது வரியும் கூடவே விழுந்தது. மதிப்பு மீண்டபோது வரி விலைவாசி வேகத்தில் மட்டும்தான் ஏற முடிந்தது. இறங்கும்போது லிஃப்ட், ஏறும்போது படிக்கட்டு என்று எங்கள் ஊர்ப் பொருளாளர் ஒரு கூட்டத்தில் சொன்னார்.

நவம்பர் 17

"அப்ப விலக்கே வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டவருக்கு: இல்லை. ஒரே தொகையாகக் கழிக்கும் விலக்கு நல்ல வடிவம். இரண்டு லட்சம் வீட்டுக்கும் இருபது லட்சம் வீட்டுக்கும் ஒரே 1,40,000. சின்ன வீட்டுக்கு அது பெரிய நிவாரணம். உள்ளூர் விலக்கு சதவீதத்தில் இருப்பதுதான் கோணல். 20 சதவீதம் என்றால் இருபது லட்சம் வீட்டுக்கு நான்கு லட்சம் கழிகிறது, இரண்டு லட்சம் வீட்டுக்கு 40,000. எல்லா ஊரும் சதவீதத்தை விட்டுவிட்டு ஒரே தொகைக்கு வரச் சட்டம் இடம் கொடுத்தால், அதே பணத்தில் எளியவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

நவம்பர் 23

வாடகைக்காரர் பக்கம் பேச ஆளில்லை, அதனால் தனியாக எழுதுகிறேன். அபார்ட்மென்டுக்கு ஹோம்ஸ்டெட் கிடையாது. உரிமையாளர் முழு வரியும் கட்டுகிறார், அது வாடகையில் இருக்கிறது. நமக்குக் குறைந்த 400 டாலரை மாநிலம் எதிலிருந்து ஈடுகட்டுகிறது? மாநில வரி வருமானத்தில் பாதிக்கு மேல் விற்பனை வரி. 6.25 மாநிலத்துக்கு, அதன்மேல் 2 வரை உள்ளூருக்கு. ஓபிடி (மாணவர் விசாவில் படித்தவர்களுக்கான வேலைப் பயிற்சி அனுமதி) முடித்து முதல் வேலையில் நான்கு பேராக ஒரு ஃப்ளாட்டில் இருக்கும் நம் பையன், அவன் வாங்கும் செருப்பிலும் பிரஷர் குக்கரிலும் என் ஸ்கூல் வரிக்கு ஒரு பங்கு கட்டுகிறான்.

2026–27க்கான மாநில பட்ஜெட் சுமார் 338 பில்லியன். அதில் 51 பில்லியன் சொத்து வரிக் குறைப்புக்கு, பழைய குறைப்புகளைத் தாங்கிப் பிடிப்பதும் சேர்த்து. ஏறக்குறைய 15 சதவீதம். இந்தச் செலவு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் திரும்ப வரும். ஒருமுறை கொடுத்த விலக்கை எந்தச் சட்டசபையும் குறைக்கத் துணியாது. 1997இல் 15,000, 2015இல் 25,000, 2022இல் 40,000, 2023இல் ஒரு லட்சம், இப்போது 1,40,000. ஒரு முறையும் இறங்கியதில்லை.

டிசம்பர் 7

இந்த விலக்கால் பிள்ளைகள் பணம் சுருங்கவில்லை என்று முதல் நாள் எழுதியதைப் பற்றி இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். அது சரிதான், ஆனால் பணம் எவ்வளவு என்பதோடு கதை முடிவதில்லை. நம் வரி குறைந்து மாநிலப் பங்கு கூடக் கூட, முடிவு எடுக்கும் இடம் நகர்கிறது. என் ஊர் ஸ்கூல் போர்டு உறுப்பினரை இந்தியன் ஸ்டோரில் பார்த்து நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன். மாநிலச் சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள் கூடுகிறது. அவர்களை எந்தக் கடையில் பிடிப்பது?

உள்ளூர் மக்களும் சும்மா இல்லை. நவம்பர் 4 அன்று விலக்குக்கு ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஆம் என்றார்கள். அதே நாளில் ஆஸ்டின் நகரம் கேட்ட வரி உயர்வை, ப்ரொபசிஷன் க்யூவை, அந்த ஊர் மக்கள் பெருவாரியாக நிராகரித்தார்கள். நகர கவுன்சில் பட்ஜெட்டைத் திரும்ப வெட்டியது. 2024இல் ஃப்ரிஸ்கோ ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கேட்டதும் தோற்றது, அந்த ஊரில் நம்மவர்கள் எவ்வளவு பேர் என்று சொல்லத் தேவையில்லை. ஆக, வரி குறைப்புக்கு மாநிலம் முழுக்க ஆம், சேவைக்கு உள்ளூரில் இல்லை. இரண்டையும் போட்டது ஒரே கை.

டிசம்பர் 8

கவர்னர் அடுத்ததாகச் சொல்வது வீட்டுக்காரர்களுக்கு ஸ்கூல் வரியையே எடுப்பது, உள்ளூர் வரி உயர்வுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது. நான் இதை எதிர்க்கிறேன். விலக்கு ஏறுவதை ஆதரித்த அதே மனதோடு எதிர்க்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு என்றால், 65 பேர் தீயணைப்பு நிலையம் வேண்டும் என்று சொன்னாலும் 35 பேர் தடுக்கலாம். முழுவதும் எடுத்துவிட்டால் கல்காஸ்கா நிலைமை ஒரு ஊரோடு நிற்காமல் மாநிலத்துக்கே வரலாம். எண்ணெய் விலை விழுந்து விற்பனை வரி சரியும் வருடத்தில் 254 கவுண்டிகளின் பள்ளிகளும் ஒரே வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

2026 ஜனவரி 11

இடையில் வந்த சில கேள்விகள்.

செலைனா பக்கம் வாங்கப்போகிறவர்: வீட்டு விலையைப் பார்ப்பதற்கு முன் மட் (MUD) என்ற வட்டார அமைப்பின் வரி இருக்கிறதா பாருங்கள். குழாய், சாக்கடை, சாலைக்காக வாங்கிய கடனை நீங்கள் வரியாக அடைப்பது அது. ஸ்கூலுக்கான 1,40,000 அதில் கழியாது.

அப்பா அம்மா பெயரை வீட்டுப் பத்திரத்தில் சேர்த்து 65 வயதுச் சலுகை எடுக்கலாமா என்று கேட்டவர்: அவர்கள் உண்மையில் உரிமையாளராகவும் அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். சலுகைக்காக மட்டும் பெயர் சேர்த்தால் பிறகு விற்கும்போதும் வாரிசு விஷயத்திலும் சிக்கல். வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டு மதிப்பைக் கணிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து "நீங்கள் இன்னும் இங்கே குடியிருக்கிறீர்களா" என்று கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். 2023 சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பதில் போடாவிட்டால் விலக்கு போகலாம். டிரைவர் லைசென்ஸில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். வீடு வாங்கி விலக்குக்கு விண்ணப்பிக்கவே மறந்தவர்கள் இரண்டு வருடம் வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம். கட்டணம் கிடையாது, காசு கேட்டு வரும் தபாலை நம்ப வேண்டாம்.

எஸ்க்ரோ இல்லாமல் நேரடியாகக் கட்டுகிறவர்களுக்கு ஜனவரி 31 கடைசி நாள்.

ஜனவரி 12

ஹூஸ்டன் நண்பர் மறுபடி வந்து "அப்ப நான் யார்கிட்ட கேட்கணும்?" என்று எழுதியிருக்கிறார். ஸ்கூலுக்கு என்றால் உங்கள் மாநிலப் பிரதிநிதியிடம், ஒரே ஒரு கேள்வி: பிள்ளைக்கு வரும் அடிப்படைத் தொகை, இப்போதைய 6,215 டாலர், எப்போது விலைவாசியோடு சேர்ந்து ஏறும்? விலக்கு எவ்வளவு ஏறினாலும் ஆட்சேபம் இல்லை, அதோடு இதையும் கட்டுங்கள் என்று கேளுங்கள். ஊருக்கு என்றால் பெரும்பாலும் ஜூலை கடைசியில் சிட்டி பட்ஜெட் வரைவு இணையத்தில் வரும். அதில் பொது நிதியில் போலீஸ், தீயணைப்பு இரண்டுக்கும் போக மீதி எவ்வளவு என்று பாருங்கள். பார்த்த பிறகு ஆகஸ்ட் விசாரணைக்குப் போங்கள். நான் எங்கள் ஊரில் போகிறேன்.